இருபத்தேழாம் இலக்கத் தகப்பன்

பெரியப்பாவின் இரவல் புத்தகத்தில் ஐந்து நிரல்கள் இருந்தன: இலக்கம், பொருள், பெற்றவர், போன திகதி, வந்த திகதி. அடிமட்டம் வைத்து நீல மையால் தானே கோடு கிழித்திருப்பார். ஐந்தாவது நிரல் நிரம்பாமல் ஒரு மாதம் கிடந்தால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இரண்டு மாதமானால் இரண்டு புள்ளி. மூன்றாவது புள்ளி விழுந்தவரின் வீட்டு வாசலில் அடுத்த சனிக்கிழமை குடையோடு போய் நிற்பார். கோபிக்க மாட்டார். "இந்தப் பக்கம் வந்தனான்" என்பார். அதுவும் பொய்யில்லை, வந்துதானே நின்றார். பெரியப்பா பொய் சொல்ல மாட்டார் என்பது எங்கள் வீட்டில் கடலுக்கு உப்பு என்பது போன்ற ஒரு விஷயம். யாரும் அதைப் பாராட்டுவதுமில்லை.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. முன்னறை முழுவதும் ஞாயிறு பாடசாலைச் சாமான்கள். வேதாகம விளக்கவுரைகள் முப்பத்தாறு, ஒத்துவாக்கிய அகராதி இரண்டு, பவுல் அப்போஸ்தலன் கப்பலில் போன வழிகளைக் காட்டும் தேசப்படங்கள், பாட்டு ஒலிநாடாக்கள், சுருட்டி டப்பாவில் வைத்த படச்சுருள்கள், அவற்றைச் சுவரில் காட்டும் புரொஜெக்டர் ஒன்று. வெளிநாட்டு மிஷன் ஒன்று எங்கள் சபைக்கு எப்போதோ அனுப்பியவை. சபை மண்டபத்தின் கூரை ஒழுகியதால் ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் என்று பெரியப்பா வீட்டுக்கு வந்தன. பிறகு திரும்பிப் போகவில்லை. அந்த ஓர் இரவலுக்கு மட்டும் அவர் புள்ளி வைத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் கொட்டாஞ்சேனை, தெஹிவளை, நுகேகொடை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் வருவார்கள். அடுத்த நாள் பாடத்துக்கு வேண்டியதை எடுத்துப்போவார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பெரியப்பா பக்கம் பக்கமாகப் பார்ப்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அக்கா ஒரு தடவை மாட்டிக்கொண்டார்.

"சேர், இந்தக் கறை வரேக்கயே இருந்தது."

பெரியப்பா இரவல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "போகேக்க சுத்தம் எண்டு எழுதியிருக்கிறன், தங்கச்சி."

"அப்ப அது எங்கட வீட்டு மீன்குழம்புதான் சேர்."

"யோனாவை மீன் விழுங்கின அதிகாரத்தில ஊத்தினபடியாப் பரவாயில்லை" என்றார் பெரியப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

நான் அவர்களுடைய பிள்ளை அல்ல. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். யுத்தத்தால் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலம். படிப்புக் கெடக் கூடாது என்று என்னை எட்டு வயதில் கொழும்புக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே பிள்ளை. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்பேன். நான் வந்த முதல் நாள், அழுதுகொண்டிருந்த என்னை முன்னறைக்குக் கூட்டிப்போய், புரொஜெக்டரைப் போட்டு, வெள்ளைச் சுவரில் நோவாவின் பேழையைத் தலைகீழாகக் காட்டியவர் அவர்தான். "பார், எல்லாரும் தண்ணிக்குள்ள விழுறாங்கள்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படச்சுருளின் குமிழைத் திருப்புவது என் வேலையாயிற்று. ஒலிநாடாவில் மணி அடித்ததும் ஒரு திருப்பு. முந்தித் திருப்பினால் அண்ணா என் தலையில் மெல்லக் குட்டுவார்.

அந்த நாட்களில் கொழும்பில் இருபது வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் கடைக்குப் போவதற்கு அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வேலைத்தலக் கடிதம் மூன்றும் வேண்டும். நான்காவதாக அதிர்ஷ்டமும் வேண்டும். அண்ணாவை இரண்டு தடவை பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. இரண்டாம் தடவை ஆறு நாள். திரும்பி வந்த பிறகு அவர் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். வெளிநாடு போகிறேன் என்றார். அதற்கு ஏஜென்சிக்காரர் ஒருவர் இருந்தார். வேறு யாருடைய பெயரோ போட்ட பாஸ்போர்ட் ஒன்றும் இருந்தது.

"கள்ளப் பேரில போற ஆக்கள் என்ர வீட்டில இல்லை" என்றார் பெரியப்பா.

"உங்கட வீட்டில இருந்தா நான் உயிரோட இருக்க மாட்டன், அப்பா."

"பொறு. கடவுள் ஒரு வழி காட்டுவார்."

"காட்டிப்போட்டார். நீங்கள்தான் பாக்கிறேல்லை."

இது சாப்பாட்டு மேசையில் நடந்தது. பெரியம்மா பருப்புக் கறியை எடுத்தபடியே நின்றார். யாருக்கும் போடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணாவையும் காணவில்லை, புரொஜெக்டரையும் காணவில்லை. இரவல் புத்தகத்தில் கடைசி வரி அண்ணாவின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. இலக்கம், பொருள், தன் முழுப் பெயர், திகதி. எல்லாம் ஒழுங்கு. ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்கக் காசு குறைந்ததால் அது புறக்கோட்டையில் விலைப்பட்டது என்று பிறகு தெரியவந்தது.

மறுநாள் ஆராதனையில், அறிவித்தல்கள் முடிந்ததும் பெரியப்பா எழுந்து நின்றார். சபையின் புரொஜெக்டரைத் தன் மகன் எடுத்துப்போய்விட்டான் என்றும் அதற்குத் தானே பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முழுவதும் ஒரு நிமிடம்கூட இல்லை. போதகர் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, களவு போனது எண்டு எழுதி அந்த வரியை மூடிவிடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"அவன் இரவல் எண்டுதான் எழுதியிருக்கிறான்" என்றார் பெரியப்பா. "நான் மாத்தி எழுதேலாது."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அண்ணாவின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் தபால்காரர் படலையில் நின்று, "நோனா, ஜர்மனியென் லியுமக்!" என்று கூவினார். ஜெர்மனியிலிருந்து கடிதம். உறையில் பெரியம்மாவின் பெயர் மட்டும் இருந்தது. பெரியம்மா அதை வாசித்து, அழுது, கண்ணைத் துடைத்து, சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூசாவின் கீழ் விரித்து வைத்தார். பெரியப்பா கந்தோரால் வந்தார். கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்துக் குடித்தார். கூசாவை அதே இடத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

ஆனால் பெரியம்மா எழுதும் பதில்களை அவர்தான் தபாலில் சேர்ப்பார். பெரியப்பா துறைமுகத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். எங்கள் வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதமும் அவருடைய சிறிய பித்தளைத் தராசைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியம்மா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, ஒட்டாமல் மேசையில் விடுவார். பெரியப்பா ஐந்தரைக்கு வந்து, கை கழுவி, நிறுத்து, பசை பூசி, முத்திரை ஒட்டுவார். உள்ளே இருப்பதை வாசிக்க மாட்டார். அவருக்கு மகனோடுதான் கோபம். தபால் திணைக்களத்தோடு இல்லை.

புரொஜெக்டர் போன பிறகு பெரியம்மா தன் ஞாயிறு பாடசாலை வகுப்புக்குப் பழைய பிளனல் பலகையை வெளியே எடுத்தார். நீலப் பிளனல் துணி இழுத்துக் கட்டிய பலகை அது. தடித்த தாளில் அச்சடித்த மனிதர்களை வெட்டியெடுத்து, முதுகில் பிளனல் துண்டு ஒட்டி வைத்திருக்கும். பலகையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மொத்தம் எண்பத்துநாலு உருவங்கள். பெரியப்பா ஒவ்வொன்றின் முதுகிலும் தன் நேரான எழுத்தில் இலக்கமும் பெயரும் எழுதியிருந்தார். எண்பத்துநாலு பேரை வைத்து முழு வேதாகமத்தையும் சொல்ல வேண்டுமென்றால் ஒருவர் பல வேலை பார்க்கத்தான் வேண்டும். கோலியாத்துக்கு ஈட்டியை எடுத்துவிட்டால் சிம்சோன். மரியாளின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துவிட்டால் ரூத்.

இருபத்தேழாம் இலக்கம் ஒரு கிழவர். மண்ணிற அங்கி, நரைத்த தாடி, ஒரு கால் முன்னே, இரண்டு கைகளும் அகல விரிந்தபடி. முதுகில் பெரியப்பா மூன்று பெயர் எழுதியிருந்தார்: தகப்பன், யாக்கோபு, சிமியோன். காணாமற்போன யோசேப்பை எகிப்தில் கண்டு கட்டிப்பிடிக்கும் யாக்கோபும் அவரே. ஆலயத்தில் குழந்தையை ஏந்தும் சிமியோனும் அவரே. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் எல்லாவற்றையும் அழித்த கெட்ட குமாரனின் தகப்பனும் அவரே.

தெஹிவளையிலிருந்து வரும் ஒரு குறும்பன் கண்டுபிடித்துவிட்டான்.

"அன்ரி, இவர் போன கிழமை வந்த யாக்கோபு எல்லோ?"

"ஓம்" என்றார் பெரியம்மா. "அவருக்கு வேற தொழில் தெரியாது. ஆரும் வந்தாக் கட்டிப்பிடிப்பார்."

வகுப்பு சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டு, தகப்பனைப் பலகையின் இடது ஓரத்தில் வைத்தார். வலது ஓரத்தில் கந்தல் உடுத்த மகன். நடுவில் நீலத்துணி, வெறுமையாக. தகப்பன் ஒவ்வொரு நாளும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லும்போது பெரியம்மாவின் குரல் நின்றுவிட்டது. எங்களைப் பாட்டுப் பாடச் சொன்னார்.

நான் அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயதும் மூன்று மாதமும். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் குணம் அப்போதே இருந்தது. கதையில் ஒரு மகன் போனான். எங்கள் வீட்டிலும் ஒரு மகன் போனார். கதையில் தூரதேசம், எங்களுக்கு ஜெர்மனி. கதையில் மகன் மேய்த்த பன்றிகள் இல்லை, ஆனால் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவதாக அண்ணா எழுதியிருந்தார், அதைச் சமமாகக் கொள்ளலாம். கதையில் மகன் ஏன் திரும்பி வந்தான்? தகப்பனை நினைத்துக்கொண்டான். அண்ணாவும் நினைத்துத்தான் பார்ப்பார். ஆனால் அவருக்கு நினைவில் வரக்கூடிய முகம் சாப்பாட்டு மேசையில் கடைசியாகப் பார்த்த முகம். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு யார் திரும்பி வருவார்கள்? ஆகவே எங்கள் கதையில் குறைவது ஒன்றே ஒன்று. அது முன்னறை அலுமாரியில், மூன்றாவது தட்டில், மண்ணிற உறைக்குள் இருந்தது.

உருவங்களை வகுப்பு முடிந்ததும் இலக்க வரிசையில் உறைக்குள் வைப்பது என் பொறுப்பு. இருபத்தேழை வைக்கவில்லை. மூன்று நாள் என் கணக்குக் கொப்பிக்குள் இருந்தார்.

புதன்கிழமை பெரியம்மா கடிதம் எழுதி, உறைக்குள் வைத்து, பின்பக்கம் அரிசி களையப் போனார். நான் உறையைத் திறந்தேன். இருபத்தேழின் உடல் உள்ளே போயிற்று. கைகள்தான் போகவில்லை, அத்தனை அகலம். மனமில்லாமல் இரண்டு முழங்கைகளையும் நெஞ்சுக்கு மேல் மடித்தேன். கட்டிப்பிடிக்க நின்றவர் குளிரில் நிற்பவரைப் போல் ஆகிவிட்டார். அண்ணா விரித்துப் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடிதத்தின் மடிப்புக்குள் செருகினேன்.

ஐந்தரைக்குப் பெரியப்பா வந்தார். கை கழுவினார். கடிதத்தைத் தராசில் வைத்தார். அப்போதுதான் எனக்குத் தராசின் நினைவே வந்தது. கதவுச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடிதத்தை எடுத்தார். விரல்களால் ஒருமுறை தடவினார். மறுபடியும் வைத்தார்.

"பாரம் கூடக் காட்டுது" என்றார்.

"ரெண்டு பக்கம்தான் எழுதினனான்" என்றார் குசினியிலிருந்து பெரியம்மா.

பெரியப்பா கடிதத்தைத் தராசிலிருந்து எடுத்தார். பிறகு, "எழுதினது பாரமாயிருக்கும்" என்றார். முன்னறைக்குப் போனார், முத்திரைகள் அங்கே மேசை லாச்சிக்குள் இருந்தன. ஒரு முத்திரை எடுக்க அவ்வளவு நேரம் ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தப்பினேன் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, பசை பூசி மூடி, ஒரு முத்திரை ஒட்டி, அதன் பக்கத்தில் இரண்டாவது முத்திரையையும் நாக்கில் நனைத்து ஒட்டினார். தேத்தண்ணீர் குடிக்காமல், கடிதத்தைத் தெருமுனைப் பெட்டியில் போடாமல், தபாற்கந்தோர் வரைக்கும் தானே கொண்டுபோனார்.

அந்த வருடம் பெரியப்பா தன் கந்தோரில் கிடைத்த டயறியை எனக்குத் தந்திருந்தார். அன்றைய பக்கத்தில், "இன்று ஒரு காரியம் செய்தேன். என்ன என்று எழுத மாட்டேன்" என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு யாக்கோபும் யோசேப்பும். பெரியம்மா உறையைத் திறந்து, இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில் விரலை விட்டுத் தேடினார்.

"பிள்ளை, இருபத்தேழை வைச்சனியோ?"

"வைச்சனான்" என்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

வாங்குகளுக்குக் கீழே தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் பெரியம்மா நோவாவை எடுத்து வைத்தார். நோவாவின் கையில் பேழை செய்த சுத்தியல். அதை வெட்டியெடுக்க முடியாது.

"அன்ரி!" என்றான் தெஹிவளைக் குறும்பன். "யாக்கோபு சுத்தியலோட நிக்கிறார். யோசேப்பு, ஓடு!"

அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா பெரியப்பாவிடம் முறையிட்டார். ஒரு தாள் குறைந்தாலே அலுமாரியைப் புரட்டிப்போடும் மனிதர்.

"இருபத்தேழைக் காணேல்லை. எங்க போச்சுதோ தெரியாது."

"இரவல் போயிருக்கும்" என்றார் பெரியப்பா, பத்திரிகையைத் தாழ்த்தாமல்.

"ஆர் உருவத்தில ஒண்டை மட்டும் இரவல் வாங்கினது?"

"தேவையான ஆக்கள் வாங்கியிருப்பினம்."

அவருக்கு வயதாகிறது என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனை அக்காவின் மேல் பழி விழுந்துவிடுமோ என்று இரண்டு இரவு கவலைப்பட்டேன்.

ஆறு கிழமை போயிற்று. ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் எல்லாம் வந்து போன பிறகு, தபால்காரர் வந்தார். கடிதம் ஜெர்மனியிலிருந்துதான். ஆனால் உறையில் இருந்தது பெரியப்பாவின் பெயர். பெரியம்மா அதை இரண்டு கையாலும் கொண்டுவந்து, இரவல் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பெரியப்பா கத்தியால் ஓரத்தைக் கீறித் திறந்தார். நின்றபடியே வாசித்தார். ஒரு பக்கம்தான். வாசித்து முடித்து, மறுபடியும் மேலேயிருந்து வாசித்தார். பிறகு பெரியம்மாவிடம் நீட்டினார்.

"அப்பா, நீங்கள் அனுப்பினது கிடைச்சுது" என்று பெரியம்மா சத்தமாக வாசித்தார். "உங்கட எழுத்தைப் பின்பக்கத்தில கண்டன்…" அதற்கு மேல் அவர் வாசித்தது எனக்குக் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு நிமிர்ந்தார். "இஞ்சேருங்கோ, என்ன அனுப்பினீங்கள்?"

"இருபத்தேழை."

"நீங்களோ? நீங்களோ அனுப்பினது?"

பெரியப்பா யன்னலைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். கதவடியில் நின்ற என்னை அவர் பார்க்கவேயில்லை.

"ஓம்" என்றார். "நான்தான் அனுப்பினனான்."

பெரியம்மா அங்கேயே, விளக்கவுரைகளின் மேல் தலையை வைத்து அழுதார்.

எனக்கு வந்தது ஆத்திரம். மூன்று நாள் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைத்தவள் நான். முழங்கைகளை மடித்தவள் நான். சுத்தியலோடு நின்ற நோவாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவள் நான். பெரியப்பா, பொய்யே சொல்லாத பெரியப்பா, ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டார். அன்றைய டயறியில், "பெரியப்பா பொய் சொன்னார்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு ஒரு கிழவரைத் தானே வரைந்து, கலர்ப் பென்சிலால் தீட்டி, வெட்டி, பிளனல் ஒட்டினார். களஞ்சிய எழுதுவினைஞருக்குப் படம் வராது. கைகள் கொஞ்சம் கட்டையாகிவிட்டன. முதுகில் 27அ என்று எழுதினார்.

"ஏன் பெரியப்பா 'அ'?" என்று கேட்டேன்.

"இருபத்தேழு இருக்குதே. வந்தா அதுக்கு இடம் வேணுமெல்லோ."

அண்ணா வரவில்லை. வர முடியவில்லை. அவருடைய விண்ணப்பம் அங்கே ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முடிவு வரும்வரை அந்த நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் கடிதங்கள் வந்தன, இப்போது இரண்டு பேர் பெயரிலும். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலி வீதியில் ரெலிபோன் எடுக்கும் கடைக்கு அண்ணா அழைப்பார். பெரியப்பா ஆராதனைக்குப் போன சட்டையை மாற்றி, இஸ்திரி போட்ட வேறு சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு போவார். ரெலிபோனுக்கு எதற்குத் தலை வாருகிறார் என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, "குளிரோ? சாப்பிட்டியோ?" என்று கேட்பார். மற்ற நேரமெல்லாம் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். எப்போது வருகிறாய் என்று கேட்டதை நான் ஒருபோதும் கேட்கவில்லை. கதைத்து முடிந்து வெளியே வந்தால், வீட்டுக்கு நேரே போகாமல் ரயில் பாதை வரைக்கும் நடந்து, கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் திரும்புவார்.

இப்படிப் பதினொரு வருடம். பெரியப்பா ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது வருடத்தில், போய்ச் சேர்ந்தார். அண்ணாவின் தாள்கள் அதற்கு ஏழு மாதம் கழித்துச் சரிவந்தன. அண்ணா வந்து இறங்கினார். முன்தலையில் மயிர் இல்லை. பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே ஒரு புரொஜெக்டர். கல்லறைக்குப் போய்விட்டு வந்து அதை அலுமாரியில், பழைய இடத்தில் வைத்தார். அதற்குள் அந்தப் படச்சுருள்கள் எல்லாம் ஈரத்தில் ஒட்டிப் பிசினாகியிருந்தன. போடுவதற்கு ஒன்றுமில்லை. வைத்துவிட்டு நெடுநேரம் அலுமாரிக்கு முன் நின்றார்.

பெரியம்மா போய் இரண்டு வருடமாகிறது. ஒழுங்கையில் அந்த வீடு மட்டும்தான் வீடாக மிஞ்சியிருந்தது. சுற்றிவர எட்டு மாடி, பத்து மாடி. சென்ற மாதம் அதையும் கொடுத்துவிட்டோம். முன்னறையை ஒதுக்கும் வேலை எனக்கு வந்தது. சாமான்களை எடுப்பீர்களா என்று இப்போதைய ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருத்தியைக் கேட்டேன். "எல்லாம் போனிலயே இருக்குது அன்ரி, படம், பாட்டு, பாடம் எல்லாம்" என்றாள். மரியாதைக்கு ஒரு தேசப்படத்தை எடுத்துக்கொண்டாள்.

அலுமாரியின் அடித்தட்டில் இரவல் புத்தகம் இருந்தது. நிலத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். நேரான நீல எழுத்து, நிரம்பிய ஐந்தாவது நிரல்கள், அங்குமிங்கும் பென்சில் புள்ளிகள். பிறகு அண்ணாவின் சாய்ந்த எழுத்து: புரொஜெக்டர். அதன் ஓரத்தில் நான்கு புள்ளிகள் வைத்து, பிறகு அழிறப்பரால் அழித்த தடம் தெரிந்தது. நான்கு பக்கம் தள்ளி, இரண்டு விளக்கவுரைகளுக்கு நடுவே ஒரு வரி. பெரியப்பாவின் எழுத்து. இலக்கம்: 27. பொருள்: தகப்பன். மற்ற வரிகளில் எல்லாம் பெற்றவரின் முழுப் பெயரும் சபையின் பெயரும் இருக்கும். இதில் ஒரு சொல்தான்: மகன். நான்காவது நிரலில் திகதி. ஐந்தாவது நிரல் வெறுமை. ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

என் டயறிகள் எல்லாம் என்னிடம் வருட வரிசையில் இருக்கின்றன. தெஹிவளைக்கு, என் வீட்டுக்கு வந்து, முதலாவதை எடுத்துப் பார்த்தேன். "இன்று ஒரு காரியம் செய்தேன்." புதன்கிழமை. அதே திகதி.

பதில் வந்த நாள் அல்ல. பெரியம்மா காணவில்லை என்று சொன்ன நாளும் அல்ல. கடிதம் தராசில் இருந்த நாள். உறை ஒட்டாமல் இருந்தது. அவர் ஒவ்வொரு உருவத்தையும் தன் கையால் வெட்டியவர், தடவியதுமே தெரிந்திருக்கும். வெளியே எடுத்து அலுமாரியின் மண்ணிற உறைக்குள் திருப்பி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் முன்னறைக்குப் போனார். புத்தகத்தை விரித்தார். நான்கு நிரல்களை நிரப்பினார்.

அன்று பின்னேரம் ஜெர்மனியில் இருக்கும் அண்ணாவுக்கு வீடியோவில் எடுத்தேன். வீடு கொடுத்துவிட்ட கதை, அலுமாரிக் கதை எல்லாம் சொன்னேன். இரவல் புத்தகம் கிடைத்தது என்றும் சொன்னேன்.

"அதில என்ர கடன் இருக்குமே" என்று சிரித்தார். பிறகு எழுந்து போய், கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து திரைக்கு முன் பிடித்தார். மண்ணிற அங்கி வெளிறிவிட்டது. தாடி அப்படியே. இரண்டு முழங்கைகளிலும் வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு. கைகள் விரிந்திருந்தன.

"அப்பா அனுப்பினது" என்றார்.

முப்பது வருடமாக அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன், பெரியப்பாவின் ஒரே பொய்யைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையோடு.

"ஓம் அண்ணா" என்றேன். "அவர்தான் அனுப்பினவர்."

இரவல் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த வரியை நான் தொடவில்லை. அன்று கதவுச்சீலையைப் பிடித்துக்கொண்டு, அவர் இரண்டாவது முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கடிதம் பாரமாகிவிட்டது, அதற்குத்தான் என்று நினைத்தேன்.